புளியமரத்தில் ஒரு இடக்கை

ஒரு ஜோடிக் கையுறை என்றால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் கூரியரில் வந்த பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கைக்கு ஒன்றாக ஏந்திப் பார்த்தபோது இடது கனத்தது. வலது வெறும் தோலும் துணியும். இடதின் முதுகில் மட்டும், விரல் கணுக்களிலிருந்து மணிக்கட்டு வரை, மெத்தைபோல ஏதோ வைத்துத் தைத்திருந்தார்கள். அமுக்கினால் உள்ளே நெகிழ்ந்து, விட்டால் மெல்ல மேலெழுந்தது. தூங்குகிறவர் கையைத் தொட்டதுபோல இருந்தது.

அது மரம் அறுக்கும் மிஷின் பிடிக்கிறவர்களுக்கான கையுறை. என் தம்பிக்காக வாங்கினேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு அவனும் அவன் மச்சானும் சேர்ந்து அந்தத் தொழிலில் இறங்கியிருந்தார்கள். மச்சான் என்றால் அவன் மனைவியின் அண்ணன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள தோப்புகளில் காய்ப்பு நின்ற மாமரம், இடி விழுந்த தென்னை, சுவரில் சாய்ந்த வேம்பு எதுவானாலும் கூப்பிடுவார்கள். அதுவரை வெறும் கையால்தான் வேலை. மிஞ்சிப்போனால், சிமெண்டு மூட்டை தூக்குகிறவர்கள் போடும் வெள்ளை நூல் கையுறை.

அந்த ஆண்டு சித்திரையில், தேவதானத்தில் இவனோடு பழகிய மரம் வெட்டுகிற ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவன் நேராக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். எங்கள் இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். "கை போச்சுக்கா அவனுக்கு" என்றான். வைத்த காபி ஆடை கட்டும்வரை இடது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

பொட்டலத்தோடு ஒரு துண்டுத்தாள் வந்தது. பல மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள், தமிழ் இல்லை. எதையும் அச்சில் கண்டால் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்க எனக்கு வராது. படித்துவிட்டுத் தம்பிக்கும் மச்சானுக்கும் விளக்கினேன். மிஷினின் முன்பிடியைப் பிடிப்பது இடக்கை. சங்கிலிக்கு அருகில் இருப்பது அதுதான். வலக்கை பின்னால், விசையின் மேல் பத்திரமாக இருக்கிறது. அதனால் காப்பு இடக்கையின் முதுகுக்கு மட்டும். அந்த மெத்தைக்குள் இருப்பது பஞ்சு அல்ல. நீள நீளமான நூல், அடுக்கடுக்காக. ஓடும் சங்கிலி கையுறையைத் தொட்ட கணத்தில் நூல் மொத்தமும் உருவிக்கொண்டு வெளியே வந்து, சங்கிலியோடு ஓடி, பல்சக்கரத்தில் சுற்றி அதை இறுக்கிவிடும். மிஷின் நின்றுபோகும். தோல் கிழிந்தாலும் எலும்பு தப்பும்.

தாளின் கடைசிப் படத்தில், முதுகு பிளந்து வெள்ளை நூல் கொத்தாகத் தொங்கும் ஒரு இடக் கையுறை. பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி, ஒருமுறை காப்பாற்றினால் அதற்கு மேல் உதவாது என்று.

மச்சான் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மதினி, இவனுக எந்த ஊர்க்காரனுக? சோறு திங்கிற கைக்கு ஒண்ணுமில்ல, கழுவுற கைக்கு மெத்தை போட்டு வச்சிருக்கான்."

"மச்சான், ஒமக்கு எந்தக் கை போனாலும் சோறு நிக்காது" என்றான் தம்பி. "ஊட்டி விட ஒம்ம தங்கச்சியா வருவா, ஒம்ம பொண்டாட்டில்லா வரணும். அவிய ஊட்டுற வேகத்துக்கு நீரு கையே போகாம பாத்துக்கிடும்."

மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தம்பியின் இடக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

தம்பி பிறவியில் இடக்கைக்காரன். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் தறி ஓட்டினாள். வெட்டி ஒதுக்கிய துணித்துண்டுகள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த மெல்லிய வெள்ளைத் துணியை எடுத்து இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். வலியில்லாத கட்டுதான். பள்ளிக்கூடம் போவதற்குள் அவன் வலக்கையால் சாப்பிடவும் எழுதவும் பழகிவிட்டான். ஆனால் திடீரென்று எதுவும் வந்தால் இடதுதான் முந்தும். பந்து வந்தாலும், கண்ணில் பூச்சி விழுந்தாலும், தட்டு சரிந்தாலும் அவன் நினைப்பதற்கு முன்னால் அந்தக் கை போய்விட்டிருக்கும். சின்ன வயதில் அதைக் கேட்டால், "நான் இல்ல, அதுதான்" என்பான்.

ஆவணியும் புரட்டாசியும் அந்தக் கையுறையோடு வேலை செய்தான். வேர்வையில் ஊறி, வெயிலில் காய்ந்து, தோல் அவன் கையின் வடிவத்துக்கு வந்துவிட்டது. கழற்றிய பிறகும் விரல்கள் நிமிராமல் எதையோ பிடித்தபடி வளைந்தே நிற்கும். காம்பவுண்டுக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவான். நானும் பேண்டேஜ் கம்பெனியில்தான் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், சேலைகளுக்கு நடுவே தம்பியின் கைகள் மட்டும் தனியாகத் தொங்கும். சில நாள் கொடிக்குப் பின்னாலிருந்து அவனே வருவான். அவன் கைகள் அவனிடமே இருக்கின்றன என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரிய மரத்தை வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோடரியைக் கொண்டுபோய் மரத்தில் சாய்த்து, ஒரு வெற்றிலை வைத்து, "நாளைக்கு வாரோம்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அந்த மரத்தில் யார் இருந்தாலும் ராத்திரியோடு இடம் மாறிக்கொள்ளட்டும் என்று. தம்பி இதில் நம்பிக்கை உள்ளவன் இல்லை. விட்டுவிடத் துணிச்சல் உள்ளவனும் இல்லை. கோடரி போய் மிஷின் வந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. மிஷினை யாரும் தோப்பில் விட்டுவிட்டு வர முடியாது. மழை வரும், அதற்கு முன் திருடன் வருவான். அதனால் பலர் பழைய அரிவாளை வைத்தார்கள். மச்சான்தான் கையுறையை வைக்கலாம் என்றார். "வெட்டப்போறது கைதானே மாப்ள. கையையே காட்டிட்டு வருவோம்."

ஐப்பசியில் ஒரு புளியமரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம் நோக்கிப் போகும் ரோட்டோரத்தில் ஒரு மாந்தோப்பு. அதன் மூலையில் அந்த மரம். சுற்றுச்சுவர் எழுப்பும் வழியில் நிற்கிறது என்று தோப்புக்காரர் வெட்டச் சொன்னார். இப்படிப் போகிற பெரிய மரங்களின் சுற்றளவை அளந்து, படம் எடுத்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் காட்டியதுமில்லை. அன்று கம்பெனியிலிருந்து சீக்கிரம் கிளம்பித் தம்பியின் பைக்கில் நானும் போனேன்.

அளந்துகொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். அடையும் நேரம். மாமரங்களில் கிளிகள் இரைந்துகொண்டிருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு புளியமரத்தில் மைனாக்கள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. எங்கள் தலைக்கு மேல் ஒரு பறவையும் இல்லை. கூட்டமாக வந்த மைனாக்கள் இந்த மரத்துக்கு நேராக வரும்போது மட்டும் சற்று விலகி, வளைந்து, அப்பால் போயின.

மச்சான் நெஞ்சு உயரத்தில் மரப்பட்டையில் இரண்டு ஆணி அடித்தார். தம்பி கையுறைகளைக் கழற்றி மாட்டினான். வெற்றிலையை வேரில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வாரோம். இருக்கிறவிய வேற எடம் பாத்துக்கோங்க" என்றான்.

பைக்கில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். வளைந்த விரல்களோடு இரண்டு கைகள் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. யாரோ மரத்துக்குப் பின்னால் நின்று அதைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மரம் விழுவதற்கு முன் காலை வெளிச்சத்தில் ஒரு படம் வேண்டும் என்பது காரணம். லாரி முன்பே வந்து நின்றது. கிரேனும் வந்திருந்தது. தோப்புக்காரர் குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு நின்றார். மரத்தருகில் யாரும் போகவில்லை.

வலக் கையுறை மாட்டிய இடத்தில் மாட்டியபடி இருந்தது. இடது ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அதன் முதுகு பிளந்திருந்தது. உள்ளிருந்த வெள்ளை நூல் முழுவதும் வெளியே வந்து, பட்டையின் மேல் பரவி, சில இழைகள் தாழ்ந்த கிளைவரை ஏறிக் காற்றில் அசைந்தன. நான் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். துண்டுத்தாளின் கடைசிப் படம். குப்பைத்தொட்டி மட்டும்தான் இல்லை.

மிஷின் ராத்திரி முழுக்க எங்கள் காம்பவுண்டில், தம்பி வீட்டு அறைக்குள் இருந்தது.

"அணில்" என்றார் மச்சான். "அடிவாரத்துல சாம்பல் அணில் எம்புட்டுத் திரியுது. கூடு கட்ட உருவியிருக்கு."

"சரி மச்சான். அந்த வலது கிளவுஸை ஏன் தொடல?"

"அதுல நூல் இல்லைல்லா மாப்ள."

"இல்லைன்னு அதுக்கு யாரு சொன்னா? பிரிச்சுப் பாத்துச்சா?"

மச்சான் இழைகளைப் பட்டையிலிருந்து இழுத்து எடுக்கத் தொடங்கினார். வெடிப்புகளுக்குள் ஆழமாகச் செருகியிருந்தன. சில வந்தன, சில அறுந்தன. திரட்டியதை உருண்டையாகச் சுருட்டி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

தம்பி பிளந்த கையுறையை எடுத்து இடக்கையில் போட்டுப் பார்த்தான். பிளவின் வழியே அவன் கைமுதுகு தெரிந்தது.

"அக்கா, இது இன்னைக்கு அறுக்கையில நடக்க வேண்டியதுபோல இருக்கு. முந்தியே நடந்துருச்சு."

"அப்ப நல்லதுதானே" என்றார் மச்சான். அவர் இப்போது அணிலை விட்டுவிட்டார். "கேட்டுச்சு, வாங்கிருச்சு. கைக்குப் பதில் கிளவுஸு. கணக்கு முடிஞ்சுது. இனிமே பயமில்லாம அறுக்கலாம்."

"வாங்கிட்டு விட்டுருச்சுன்னு நீரு சொல்லுதீரு. தொட்டா இப்படித்தான்னு காட்டிருக்குன்னு நான் சொல்லுதேன். நோட்டீஸ் வச்சோம், பதில் வந்துருச்சு."

"வேண்டாம்டா" என்றேன். "பதிலோ என்னமோ. இடது கைக்கு மேல இப்ப ஒண்ணும் கெடையாது. வேற கிளவுஸ் வாங்கித் தாரேன். வந்த பொறவு வெட்டிக்கிடலாம்."

தோப்புக்காரர் குடையைத் தரையில் தட்டினார். "ஏம்ப்பா, செத்த நேரம்னு சொல்லி எம்புட்டு நேரம். லாரிக்காரன் போறேங்கான்."

தம்பி லாரியைப் பார்த்தான், கிரேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நோட்டீசுக்குப் பதில் வந்துருக்குன்னு லாரிக்காரன்ட்ட போய் சொல்ல முடியுமாக்கா?" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

மச்சான் வண்டிப்பெட்டியிலிருந்து ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்தார். காயத்துக்கென்று நான்தான் அதில் போட்டு வைத்திருந்தேன். "கைய நீட்டு மாப்ள. நாலு சுத்து சுத்தி அதுக்கு மேல வெள்ளைக் கிளவுஸைப் போட்டா மெத்தை ஆயிரும்."

தம்பி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "கட்ட வேண்டாம்." மச்சான் ஒரு அடி முன்னால் வந்தார். "கட்ட வேண்டாம்னு சொல்லுதேன்ல." அந்தக் குரலை நான் அதற்குமுன் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறேன், சின்ன வயதில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். வலக்கையில் நல்ல கையுறை, இடக்கையில் சிமெண்டு மூட்டைக்காரரின் நூல் கையுறை. அப்படியே மிஷின் கயிற்றை இழுத்து ஓடவிட்டான்.

நான் சுவர்க்கல் அடுக்கியிருந்த இடத்துக்கு விலகிப் போனேன். முதலில் சாயும் பக்கம் ஆப்புபோல ஒரு வெட்டு எடுத்தான். மரத்தூள் செம்பழுப்பாகப் பறந்தது. புளிப்பு வாசனை. அது நன்றாகவே முடிந்தது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தீர்களா என்பதுபோல. பிறகு தம்பி மறுபக்கம் போய்ப் பின்வெட்டைத் தொடங்கினான். ஆணிகள் அடித்திருந்த பக்கம் அது. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அவற்றுக்குச் சற்றுக் கீழே பிளேடை வைத்தான். எனக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. பிளேடு உள்ளே இறங்கியது. இரைச்சல் ஒரே சீராகப் போனது. பறவை இல்லாத அந்த மரத்தின் கிளைகளில் இலைகள் மட்டும் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தன.

இரைச்சல் திணறியது. இரும்பை மென்று விழுங்க முடியாததுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

தம்பி திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடி நின்றான். தோள்கள் அசையவில்லை.

"கை போச்சுக்கா" என்றான்.

நான் ஓடியது எனக்கு நினைவில்லை. ஓடியிருக்க வேண்டும், என் செருப்பில் ஒன்றைப் பிறகு மச்சான்தான் கல் அடுக்கருகிலிருந்து எடுத்து வந்தார். தம்பியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். இடக்கை மார்புக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. நூல் கையுறை கிழியவில்லை. ரத்தம் இல்லை. கையுறையை உருவினேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். எல்லாம் இருந்தன, எல்லாம் குளிர்ந்திருந்தன.

"என்னலே சொன்ன? கை இருக்குலா" என்றார் மச்சான். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இருக்கு. போச்சுன்னு சொன்னேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வெட்டுக்குப் பக்கத்துல பட்டையில வெள்ளையா ஒரு நூல் தெரிஞ்சுது. அதை எடுக்கப் போச்சு."

"யாரு போனது?"

"கைதான். நான் விடல. அதுவா பிடியை விட்டுட்டுப் போச்சு. செயினுக்கு இந்தா, இம்புட்டுக் கிட்ட." பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினான். நடுவே வெளிச்சம் புகும் அளவு இடைவெளிதான் இருந்தது. "தொடப் போறப்ப மிஷின் நின்னுருச்சு."

மச்சான் மிஷினை ஆட்டி ஆட்டி வெட்டிலிருந்து வெளியே எடுத்து, தரையில் வைத்துப் பக்கத்து மூடியைக் கழற்றினார். பல்சக்கரம் தெரியவில்லை. அந்த இடத்தில் இறுகச் சுற்றிய வெள்ளை நூல்கண்டு ஒன்று இருந்தது, தறியில் மாட்டும் தார்க்குச்சிபோல. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றிக் குனிந்து நின்றோம். பட்டை வெடிப்புக்குள் மிச்சமிருந்த இழைகளைச் சங்கிலி இழுத்துச் சுற்றியிருக்கிறது. துண்டுத்தாள் சொன்னபடி கையுறை தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்போது அது கையில் இல்லை, அவ்வளவுதான்.

தம்பி அதன்பிறகு அந்த மரத்தைத் தொடவில்லை. தோப்புக்காரர் பேசிய பேச்சையெல்லாம் நின்று கேட்டான். மச்சான் வேட்டி மடிப்பில் வைத்திருந்த நூல் உருண்டையை எடுத்து, கத்தரித்து எடுத்த நூல்கண்டையும் சேர்த்து, வெற்றிலை வைத்த வேரிலேயே வைத்துவிட்டு வந்தார். பிளந்த கையுறையைத் தம்பி அதன்மேல் கவிழ்த்து வைத்தான். லாரி காலியாகத் திரும்பியது.

மூன்றில் ஒரு பங்கு அறுபட்டு நின்ற மரத்தை அப்படியே விட முடியாது. அந்த வாரத்துக்குள் கிருஷ்ணன்கோவில் பக்கத்து ஆட்கள் வந்து வெட்டிப்போட்டார்கள். அவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார்த்திகையில் அவர்களில் ஒருவரை ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் புளியமரத்துல அணில் கூடு எதுவும் இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "கூடா? அணில் கூடும் இல்ல, காக்காக் கூடும் இல்ல. அந்த வயசு மரத்துல ஒரு பொந்துகூட இல்லக்கா. சுத்தமா இருந்துச்சு. வெட்டிப்போட்ட பொறவு நாங்களே பேசிக்கிட்டோம்."

அணில் வேறு மரத்துக்கு நூல் எடுத்துப் போக வந்திருக்கலாம். வேர்வை உப்புக்கு ஆசைப்பட்டுக் கடித்திருக்கலாம். மலையடிவாரத்து விலங்குகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன், இரண்டும் நடக்கக்கூடியவைதான். இன்றுவரை என்னால் தீர்க்க முடியாதது அதுவல்ல. அந்த நூல் இல்லாவிட்டால் அவன் கை பிடியை விட்டிருக்காது. அந்த நூல் இல்லாவிட்டால் சங்கிலியும் நின்றிருக்காது. கூப்பிட்டதும் தடுத்ததும் ஒரே இழை. எது முந்தியது என்று தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தான்" என்றான்.

மார்கழியில் அதேபோல இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தனித்துப்போன பழைய வலது, விரல்களை மடக்கியபடி, இன்னும் கொடியில் தொங்குகிறது. அதைத் தூக்கிப் போட அவனும் முன்வரவில்லை, நானும் முன்வரவில்லை.

பெரிய மரம் என்றால் முந்தின நாள் கையுறையை மாட்டிவிட்டு வரும் வழக்கத்தை அவன் விடவில்லை. மறுநாள் காலையில் நானும் போக நேர்ந்தால், அவன் மரத்தை நெருங்குவதைக் கவனிப்பேன். இடக்கை சட்டைப் பைக்குள் இருக்கும். வலக்கையால் இடக் கையுறையைத் திருப்பி, முதுகுத் தையல் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பான். பிறகு எங்களைப் பார்க்காமலே, "நல்லா இருக்கு" என்பான். அதற்குப் பிறகுதான் அந்தக் கை வெளியே வரும்.